அப்பாவைக் கீழே இறக்கிய ஞாயிற்றுக்கிழமை

ஆறே மாதம் என்றுதான் அந்த மாடிக்கு வந்தார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புதிதாகக் கட்டுவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை. காலை ஏழு மணிக்குக் கீழே இயந்திரங்கள் ஓடத் தொடங்கினால் தரை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். டம்ளரில் வைத்த தண்ணீர் வளையம் வளையமாக ஆடும்.

"ஆறு மாசம் ஆடினா என்ன இப்ப? கப்பல்ல போறோம்னு நினைச்சுக்கோங்க" என்று முதல் நாள் எல்லோரையும் சிரிக்க வைத்தவர் அப்பாதான். முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சாமான் ஏற்றியபோது, வெளிப்பக்கமாக வளைந்து ஏறும் அந்த ஒடுக்கமான இரும்புப் படிக்கட்டில் கேஸ் அடுப்பைத் தானே தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். மகன் ஓடி வந்து வாங்கப் பார்த்தபோது, "வழிய விடுடா, லோடு வருது" என்றார்.

மூன்றாம் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு குழறியது, வலது பக்கம் இருப்பது எதுவும் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டி, நாலு பேர் மேலே தூக்கினார்கள். படிக்கட்டின் திருப்பத்தில் நாற்காலிக் கால் கம்பியில் மாட்டிக்கொண்டது. ஐந்து நிமிடம் அவர் ஒருக்களித்தபடி அந்தரத்தில் தொங்கினார். அதன்பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை.

மகனுக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. பதினைந்து மாடி, இருபது மாடிக் கட்டிடங்களில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியே எடுப்பது அவன் அன்றாடம் செய்கிற காரியம். "ஊர்ல இருக்கிறவங்கள எல்லாம் இறக்கி விடறேன், எங்கப்பாவ ஒரு மாடி இறக்க முடியல" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்வான். வேடிக்கையாகத்தான் ஆரம்பிப்பான். முடிக்கும்போது குரல் மாறிவிடும்.

அப்பாவுக்காகவே வீட்டுப் படத்தைத் திருத்தினான். பக்கத்துச் சந்துப் பக்கமாகத் தரைத்தளத்தில் ஓர் அறை. அகலமான கதவு, வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவு, தெருவைப் பார்க்கிற ஜன்னல். அதைக் காகிதத்தில் வரைந்து காட்டியபோது அப்பா இடது கை விரலால் ஜன்னலைத் தொட்டு, "இன்னும் கீழ… கீழ எறக்கு. படுத்துக்கிட்டே பாக்கணும்" என்றார். அன்றிலிருந்து தினமும் மகன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து கேள்வி வரும்.

"எவ்ளோ வந்திருக்கு?"

அவன் போனை எடுத்துக் காட்டுவான். அஸ்திவாரம். கம்பி கட்டியது. தூண்கள். அப்பா ஒவ்வொரு படத்தையும் கண்ணுக்கு அருகில் பிடித்து, இடது பக்கமாகச் சாய்த்து, ஒரு நிமிடம் பார்ப்பார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் நோயாளியாக இருக்கமாட்டார்.

தூண்கள் எழும்பிய பதினோராம் நாள் நகராட்சியிலிருந்து வந்து வேலையை நிறுத்தினார்கள். சந்துப் பக்கத்துத் தூண்வரிசை, பொதுவழிக்குள் இரண்டடி வந்திருக்கிறதாம். தூணில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நான் என்ன சார் பண்ணுவேன்? உங்க பழைய காம்பவுண்டு சுவர வெச்சுத்தானே அளந்தேன். அந்தச் சுவரே ரெண்டடி வெளிய நின்னிருக்கு."

அந்தச் சுவர் அப்பா கட்டியது. லாரியை வீட்டோரமாக நிறுத்த இடம் பற்றவில்லை என்று, மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், இரண்டு விடுமுறை நாளில் வெளியே தள்ளித் தானே கல் அடுக்கிப் பூசிய சுவர். மகனும்தான் அன்று மண் சுமந்தான். அப்பா வேலை முடிந்து கை கழுவிவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்து, "பாறை மாதிரி நிக்கும்" என்று சொன்னதுகூட அவனுக்கு நினைவிருந்தது.

இதை எப்படிப் போய் அவரிடம் சொல்வது?

அன்று மாலை, "எவ்ளோ வந்திருக்கு?" என்று அப்பா கேட்டபோது, முந்தின நாள் எடுத்த படத்தையே காட்டினான். மறுநாளும் வேறு கோணத்தில் அதையே. நாலாம் நாள் அப்பா முகத்தைச் சுளித்தார். "என்னடா, ஆள் வரலையா?"

இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ அதே அளவு, அதே மாதிரி தூண்கள். மகன் வண்டியை நிறுத்தி, சுற்றுப்புறம் தெரியாமல் கிட்டத்தில் போய் நாலு படம் எடுத்தான். திருடுகிறவனைப்போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு எடுத்தான். அன்று அப்பா நன்றாகச் சாப்பிட்டார்.

மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். அவள் கண்ணுக்கு இது தப்புமா? இரண்டே நாளில் கண்டுபிடித்தாள்.

"இது யாரோ வீடு. எதுக்குங்க இந்த வேலை?"

"ரெண்டு வாரத்துல தடை எடுத்துடுவாங்க. அப்புறம் நம்ம வீட்டையே காட்டிடப்போறேன்."

"எடுக்கலேன்னா?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவள் மாமனாருக்கு முகம் துடைத்துவிடப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் அவளிடம் வீட்டைப் பற்றி ஏதாவது கேட்டால், "அவரக் கேளுங்க மாமா, எனக்கு இதெல்லாம் புரியாது" என்று நழுவிவிடுவாள்.

இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. நகராட்சி அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "ஃபைல் மேல போயிருக்கு." போன மாதமும் மேலேதான் போயிருந்தது. எத்தனை மாடி என்று கேட்கலாம்போல அவனுக்கு வாய் துறுதுறுக்கும். கேட்கமாட்டான். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கொஞ்சம் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு வருவான்.

இதற்கிடையே அந்த யாரோ ஒருவருடைய வீடு கிடுகிடுவென்று வளர்ந்தது. சுவர் வந்தது, கூரை போட்டார்கள், ஜன்னல் சட்டம் பொருத்தினார்கள். பத்து வயது மகள் ஒருநாள் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிட்டு, "ஐ! நம்ம வீட்டுக்கு மேல்கூரை வந்துடுச்சா?" என்று கத்தினாள். தகப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்பா கேள்வி கேட்கவில்லை. "கூரை காஞ்சிருக்கும். என்னக் கூட்டிட்டுப் போ" என்றார்.

"படிக்கட்டுல கஷ்டம்ப்பா. முடியட்டும், ஒரேயடியா போயிடலாம்."

"போன தடவ ஏத்தினீங்க இல்ல? ஏத்தறதவிட எறக்கறது சுலபம். லாரிக்காரன்கிட்ட கத விடாத."

மறுநாளும் அதையே சொன்னார். சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். கடைசியில் மகன் தலையாட்டினான். போகிற வழியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட் கம்பெனி ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஆறேகால் அடி உயரமுள்ள ஒருவனை எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். அப்பாவை நாற்காலியோடு சேர்த்துக் கட்ட, லிஃப்ட் மோட்டாரைத் தூக்கும் பட்டைவாரைக் கொண்டுவந்திருந்தான். அப்பாவுக்கு மருமகள் புதுச்சட்டை போட்டுவிட்டிருந்தாள். அவர் தன் தலையணையை எடுத்து மடியில் வைக்கச் சொன்னார். முதுகுக்கு வைத்துக்கொள்ளத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

படிக்கட்டில் இறங்கும்போது அப்பாவுக்குள் பழைய டிரைவர் திரும்பி வந்துவிட்டார். "எடது ஒடி… ஒடி… வரட்டும்… வரட்டும்… நிறுத்து!" லாரியைத் திருப்பச் சொல்வதுபோலக் குழறிய நாக்கால் உத்தரவு போட்டார். திருப்பத்தில் ஒட்டகம் நாற்காலியைத் தலைக்குமேல் உயர்த்தினான். "ஹாரன் அடிக்கவா பெரியவரே?" என்று கேட்டான். அப்பா சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. எட்டு மாதத்தில் அவர் சிரித்து மகன் பார்த்தது அன்றுதான்.

காரில் மகன் மெதுவாக ஓட்டினான். பக்கத்தில் அப்பா. பின்னால் மனைவியும் மகளும். முதல் சிக்னலில் சொல்ல நினைத்தான். அப்பா ஜன்னல் வழியாக ஒரு பழக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சிக்னலில், "அந்த லாரி பாரு, டயர் மொட்டையா போச்சு, அதோட ஓட்டறான் மடையன்" என்றார். தெருவின் திருப்பம் வந்துவிட்டது. அதற்குமேல் தள்ளிப்போட இடமில்லை. ஓரமாக நிறுத்தினான்.

"அப்பா, வீடு நின்னு போச்சுப்பா."

அப்பா அவனைப் பார்த்தார்.

"தூணோட நிக்குது. நான் காட்டினது… அது வேற யாரோ வீடு."

பின்னால் மகள், "அப்ப நம்ம வீடு?" என்று ஆரம்பித்தாள். தாய் அவள் கையை அழுத்தினாள்.

"ஓட்டு" என்றார் அப்பா.

மனைக்கு முன்னால் கார் நின்றது. எட்டுத் தூண்கள். உச்சியில் துருப்பிடித்த கம்பிகள் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தன. இடையில் முழங்கால் உயரத்துக்குப் புல். நோட்டீஸ் மழையில் நனைந்து பாதி உரிந்திருந்தது. சந்தின் தரையில் நகராட்சிக்காரர்கள் சிவப்பு வண்ணத்தில் கோடு இழுத்திருந்தார்கள். தூண்வரிசை கோட்டைத் தாண்டி நின்றது.

அப்பா அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. "நான் போட்ட சுவரா?"

"இல்லப்பா. மேஸ்திரி தப்பா அளந்துட்டான்."

வாயை மூடுவதற்குள் இன்னொரு பொய். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது அவனுக்கு. அப்பா மடியிலிருந்த தலையணையை இடது கையால் இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அப்போ, என்னத் திரும்பவும் மேல தூக்கிட்டுப் போவீங்களா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவர் பார்க்க வரவில்லை. இருந்துவிட வந்திருக்கிறார். கதவில்லாவிட்டாலும் பூசாவிட்டாலும், கூரை இருக்கிறதே, ஒரு கட்டிலைப் போட்டுத் தரையோடு இருந்துவிடலாம் என்று தலையணையோடு கிளம்பி வந்திருக்கிறார்.

மனைவி பின்னாலிருந்து எட்டி மாமனாரின் தோளைப் பிடித்தாள். "கொஞ்ச நாள்தான் மாமா" என்றாள். அவளுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.

திரும்பி ஏற்றும்போது அவர் உத்தரவு எதுவும் போடவில்லை. திருப்பத்தில் நாற்காலி இடித்தது. ஒட்டகம் மூச்சு வாங்கியபடி, "எந்தப் பக்கம் ஒடிக்கட்டும் பெரியவரே?" என்று கேட்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு மாலையில் கேள்வி வருவதில்லை. மகன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் வாசலிலேயே நிற்பான். பிறகு தானே போய் உட்கார்ந்து சொல்வான். "இன்னிக்கும் போனேன்ப்பா. அடுத்த மாசம்ங்கறாங்க." அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார். கேட்டாரா என்பதும் நிச்சயமில்லை.

தடை விலக மேலும் ஐந்து மாதம் ஆனது. சந்துப் பக்கத்துத் தூண்களை இடித்துவிட்டு இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டவேண்டும் என்று நிபந்தனை. அந்த இரண்டடி முழுவதும் அப்பாவின் அறையிலிருந்துதான் போனது. கட்டில் போடலாம், சக்கர நாற்காலி திரும்பாது. மேஸ்திரியும் அவனும் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். வேறு எங்கிருந்தும் எடுக்க வழியில்லை.

தூண்கள் மறுபடி எழும்பி, முதல் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்த அன்று அவன் அவசரமாக வீட்டுக்கு வந்தான். ஜன்னலைத் தாழ்வாகத்தான் வைத்திருந்தார்கள். இந்த முறை தெரு முழுவதும் தெரிகிற மாதிரி, எதிர்வீட்டுக் கேட்டும் முனையிலுள்ள விளக்குக் கம்பமும் விழும்படி எடுத்திருந்தான். மனைவி அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் மண்டியிட்டுப் போனை அவருடைய இடது பக்கமாகப் பிடித்தான்.

அப்பா மென்றுகொண்டே ஒரு நிமிடம் பார்த்தார்.

"யார் வீடு இது?"

"நம்ம வீடுப்பா. நம்ம வீடேதான். இந்தா பாருங்க, எதிர்வீட்டு கேட்டு."

அப்பா இன்னொரு முறை பார்த்தார். மகனையும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"நல்லாத்தான் கட்டறாங்க" என்றார்.

நினைவு தப்புகிறதா, இல்லை இனிமேல் நம்புவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாரா என்று அவனுக்கு விளங்கவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவன் மீதிச் சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தான். அப்பா ஒவ்வொரு வாய்க்கும் சமர்த்தாக வாயைத் திறந்தார்.