பூங்கா மதியம் திறக்காது

சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்த ஜவுளிக்கடையில், பூங்கா வரியை வாய் கூசாமல் கேட்டு வாங்கியவள் பில் போடும் ஆனந்தவள்ளிதான். வரி என்பது ஜனங்கள் வைத்த பெயர். கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துக் காகிதத்தில் அது பூங்கா நிதி. நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு ரூபாய், விருப்பப்பட்டவர்கள் தரலாம். விருப்பத்தை யார் கேட்டார்கள்? பில்லிலேயே ஏற்றிவிட்டார்கள்.

"ஜிஎஸ்டி பத்தாதுன்னு இது வேறயா?" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு அவள் அசராமல் பதில் சொல்வாள். தொட்டியத்தில் வாழைத்தார் சுமக்கிற வீட்டிலிருந்து முதல் ஆளாக பி.காம். முடித்த தெம்பு.

"ஆத்தங்கரையில குப்பை மேடாக் கிடந்த இடங்க. மரம் வைக்கிறோம், குளம் வெட்டறோம். நீங்களும் வந்து உக்காரலாம், நாங்களும் உக்காரலாம்."

அந்த 'நாங்களும்' வீரம்மாளை மனதில் வைத்துச் சொன்னது. சேலைப் பிரிவில் வருடக்கணக்காக நிற்பவள் வீரம்மாள். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். தினமும் கொஞ்ச நேரமாவது காலை நீட்டி உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கே உட்கார்வது? வேலையாட்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி ஸ்டூல்கள் வாங்கத்தான் செய்தார். இப்போது அவற்றின் மேல் பட்டுச்சேலை கட்டிய பொம்மைகள் நிற்கின்றன. மதியச் சாப்பாடு குடோனில், துணி மூட்டைமேல் குந்திக்கொண்டு.

"பூங்கா மட்டும் தொறக்கட்டும்க்கா. மதியம் மரத்தடியில ஜம்முனு காலை நீட்டிக்கிட்டு சாப்பிடுவீங்க. நான் பொறுப்பு."

"நடக்கலேன்னா உன் மடியிலதான்டி நீட்டுவேன்," என்பாள் வீரம்மாள்.

மேளதாளத்தோடு பூங்கா திறந்தது. மறுநாள் மதியம் இருவரும் டிபன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேகாத வெயிலில் நடந்தார்கள். கேட்டில் பூட்டு தொங்கியது. உள்ளே இருந்து காவல்காரர் செபஸ்தியான் எழுந்து வந்தார்.

"போர்டைப் பாரும்மா. காலையில அஞ்சுலேருந்து ஒம்போது, சாயங்காலம் நாலுலேருந்து ஏழு."

"அந்த நேரமெல்லாம் ஒண்ணு பஸ்ல நிக்கிறோம், இல்ல கடையில நிக்கிறோம்ணே," என்றாள் ஆனந்தவள்ளி.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மதியம் தொறந்தா ஜோடி ஜோடியா வந்துடுவாங்களாம். குடிகாரன் வந்து படுத்துக்குவானாம். சாப்பாடும் உள்ள கூடாது. சங்கத்து உத்தரவு."

வீரம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் தூக்கி வைத்திருந்தாள். கண்ணெதிரே புங்கை நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதன் முதுகில் அவர்கள் கடையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது.

திரும்பியதும் ஆனந்தவள்ளி நேராக முதலாளி ரத்தினவேலிடம் போனாள். சங்கத்துக்குப் பொருளாளரும் அவர்தான்.

"அது வாக்கிங் போறவங்களுக்கும்மா. சாப்பாட்டுக் கூடமா அது?"

"நான் அப்படிச் சொல்லி வாங்கலைங்க."

"என்ன சொன்னா என்ன, வாங்கிட்டல்ல? வசூல்ல தெருவிலேயே நம்ம கடைதான் முதல். உன்னைத்தான் சங்கத்துல பாராட்டினாங்க." அவர் சிரித்தார். "படிச்ச பொண்ணு நீ. ஆசையா இருந்தா சொல்லு, உனக்கு மட்டும் திறந்துவிடச் சொல்றேன். கூட்டத்தைச் சேத்துக்கிட்டுப் போகாத."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு மட்டும்! அதைச் சொல்லத்தானே இத்தனை பல் தெரிகிறது? பில் கவுண்டருக்கு வந்தவள் உட்காரப் போய் நின்றுவிட்டாள். அவளுடைய சுழல் நாற்காலி, அவளுக்கென்று பக்கத்தில் நிற்கும் மின்விசிறி. காலையிலிருந்து ராத்திரிவரை அதில் உட்கார்ந்துகொண்டுதான் ஊருக்கெல்லாம் பூங்காவைப் பற்றிப் பேசியிருக்கிறாள்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேலைப் பிரிவில் நிறுத்தினாள்.

"உக்காருங்கக்கா."

"எடுத்துட்டுப் போடி. சூப்பர்வைசர் பாக்குறாரு. சம்பளத்துல கை வெச்சுடுவாரு."

"வெக்கட்டும். நான் கேக்குறேன்."

"நீ கேட்டுக் கிழிச்சது போதும்." வீரம்மாள் பிரித்த சேலையை மடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "பேசாம இருந்திருந்தா மூட்டை மேலயாச்சும் குந்தி ரெண்டு வாய் தின்னுருப்பேன். இருந்த அரை மணியும் நடந்தே போச்சு. டப்பாவத் தொறக்கக்கூட இல்ல."

ஆனந்தவள்ளி நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு வந்து நின்றபடியே பில் போட்டாள்.

"பூங்கா நிதின்னு போட்டிருக்கே, என்னம்மா அது?" என்றாள் ஸ்ரீரங்கத்திலிருந்து கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஒரு பெண்மணி.

"பூட்டு வாங்கறதுக்குங்க," என்றாள் ஆனந்தவள்ளி, முதலாளி காதில் விழட்டும் என்றே. "இஷ்டம் இருந்தாத் தரலாம். எடுத்துடவா?"

"எடுத்துடு, எடுத்துடு."

கணினியில் ஒரு தட்டு, போயிற்று. அடுத்தவரிடமும் கேட்டாள், அதற்கடுத்தவரிடமும். அவர்களும் வேண்டாம் என்றார்கள். கல்லாவிலிருந்து ரத்தினவேல் எழுந்து வருவது தெரிந்தது. வரட்டும்.

அதற்குள் அந்தப் பெண்மணியின் கணவர், பைகளோடு நின்று அலுத்தவர், சேலைப் பிரிவில் காலியாக இருந்த நாற்காலியைக் கண்டுவிட்டார். தொப்பென்று உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்.

"அப்பாடா! அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பும்மா."

வீரம்மாள் போய்த் திருப்பிவிட்டாள்.