பார்த்தவர் பட்டியல்

ஓட்டல் சலவைக்கூடத்தில் பத்து மணிக் காப்பிக்கு உட்கார்ந்ததும் லீலோ கைபேசியில் அரசுத் தளத்தைத் திறந்தாள். தன் விவரங்களை யார் எப்போது எடுத்துப் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் தினமும் ஒரு நோட்டம் விட்டால்தான் அவளுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும். தன் மணிக்கட்டை முறித்த, அய்வர் என்ற பெயருடைய புருஷனிடமிருந்து தப்பி, ரக்வெரேயை விட்டு நாட்டின் மறுகோடியான வோருவுக்கு வந்து பதினோரு மாதம். படம் போடுகிற, அரட்டை அடிக்கிற தனியார் கணக்குகளை எல்லாம் தலைமுழுகிவிட்டாள். அரசுக் கணக்கு மட்டும் மிச்சம்.

கூட வேலை செய்யும் வைகே கேலி பேசாமல் இருப்பாளா? "அரசாங்கம் உனக்கு மாமனா மச்சானாடி?"

"எட்டிப் பாத்தா, பாத்தேன்னு எழுதி வைக்கிறாங்கல்ல. உன் கம்பெனிக்காரன் எழுதுறானா?"

பட்டியலில் புதிதாக ஒரு வரி இருந்தது. நேற்று மதியம் இரண்டு பத்து. முகவரி பார்க்கப்பட்டது. பார்த்தவர்: லீலோ.

நேற்று இரண்டு பத்துக்கு அவள் வைகேயோடு படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். லீலோவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிவந்த அவசரத்தில் அய்வர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த பழைய கைபேசி. அவள் யாரென்று அரசுக்குச் சொல்லி, கணக்கைத் திறந்துவிடும் சிம் அதில்தான் இருந்தது. புதியது வாங்கியதோடு பழையது செத்துவிட்டது என்று நினைத்திருந்தாள். ரகசிய எண்களை எத்தனை தடவை அவன் கண்ணெதிரே அமுக்கியிருப்பாள், பாவி.

வைகேதான் உதவி எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் கனிவாகப் பேசினாள். பழைய சிம்மை உடனே முடக்கிவிடலாம், அதற்கு முன் பேசுவது நீங்கள்தான் என்று உறுதிசெய்ய வேண்டும் என்றாள். அடையாள எண் கேட்டாள். பிறகு முகவரி.

ஓட்டல் மாடியில் தான் தங்கியிருக்கும் அறையின் வோரு முகவரியை லீலோ சொன்னாள். தட்டச்சு ஓசை நின்றது.

"இங்க அப்படி இல்லீங்களே. இன்னைக்குக் காலைல எட்டு நாப்பதுக்கு நீங்களே மாத்தி, கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"நான் போடலீங்க."

"புரியுதுங்க. ஆனா பதிவுல இருக்குற முகவரியச் சொன்னாத்தான் என்னால மேல போக முடியும்."

வைகே அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு மாதமாக வாயில் வராத, பழைய வீட்டின் தெருப்பெயரையும் கதவு எண்ணையும், ரக்வெரே என்பதையும் லீலோ ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சரியா இருக்குங்க," என்றாள் அந்தப் பெண். "கூட ஒருத்தர் குடியிருக்கார்னு காட்டுது. அவர் பக்கத்துல இருக்காரா?"

லீலோ ஜன்னல் வழியே கொல்லைப்புறத்தைப் பார்த்தாள். கொடியில் வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. காற்றே இல்லை. மூன்றாவது விரிப்பு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.