பின்வாசல் வழியாக வந்த காய்ச்சல்

2009 ஆகஸ்டில் புனேயிலிருந்து பன்றிக் காய்ச்சல் செய்திகள் வரத் தொடங்கியதும், திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் வாசலில் கூடாரம் போட்டார்கள். அது தேவசேனாவின் யோசனை. நோய்த்தொற்றுத் தடுப்புக் குழுவின் தலைமை நர்ஸ் அவள். நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். காய்ச்சல் இருமலோடு யார் வந்தாலும் முதலில் கூடாரம், அங்கேயே முகக்கவசம், பிறகு தனி வழியில் தனி வார்டு. டாக்டரின் சொந்தக்காரராக இருந்தாலும் இதுதான் வழி என்று வார்டு வார்டாகப் போய்ச் சொன்னாள். கவசத்தை எப்படிக் கழற்ற வேண்டும் என்று துப்புரவுப் பெண்களைக் கூட்டி வைத்துப் பழக்கினாள். திருமலைக்கு வந்த பக்தர்கள் கூடார வரிசையில் நிற்க முடியாமல் சண்டை பிடித்தபோதும் அவள் மசியவில்லை.

புனேயில் கம்பெனி வேலையில் இருந்த அவள் தம்பி உதயா காய்ச்சலோடு ரயிலில் வந்து இறங்கினான். புத்தூரில் அவனுக்குப் பெண் பார்த்து, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்திருந்தார்கள். அழைத்துவரப் போன அம்மா கமலம்மா, ஸ்டேஷனிலிருந்தே போன் செய்தாள்.

"அவன கூடாரத்துல குந்த வெக்காதடி. பொண்ணு வூட்டு ஆளுங்க யாரானா பாத்துட்டா, பன்னிக் காய்ச்சல்னு ஊரெல்லாம் சொல்லிடுவாங்க."

மருந்து வண்டிகள் வரும் பின்வாசல் வழியாக தேவசேனா தம்பியை உள்ளே கூட்டி வந்தாள். தெரிந்த டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவன் முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். அவள் பார்த்தாள், மறுபடி போடச் சொல்லவில்லை. முறை வரும்வரை அவன் இருமிக்கொண்டே இருந்தான். சந்தேகப்பட்ட டாக்டர் உடனே அவனைத் தனி வார்டுக்கு அனுப்பினார். பரிசோதனையில் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. ஒரு வாரத்தில் தேறி வீட்டுக்குப் போனான்.

அதற்குள் வெதுருகுப்பத்துக் கர்ப்பிணி யமுனா மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்தாள். அதே காய்ச்சல். நோய் பரவிய ஊர் எதற்கும் போகாதவளுக்கு எப்படி வந்தது என்று விசாரிப்பது தேவசேனாவின் வேலை. யமுனாவின் கணவன் எத்திராஜ், கூலிவேலை செய்பவன், கைகட்டி நின்று சொன்னான்.

"இங்கதான்மா செக்கப்புக்கு வந்தோம். பக்கத்துல ஒரு தம்பி இருமிக்கினே இருந்தாரு. பாவமா இருந்துச்சு, எங்க பாட்டில்லருந்து தண்ணி குடுத்தேன்."

தேவசேனாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று குழு கூடியது. காய்ச்சல்காரர் ஒருவர் கூடாரத்துக்குப் போகாமல் உள்ளே வந்ததற்கு வாசல் காவலர் ஹரிபாபுவின் கவனக்குறைவுதான் காரணம், அவரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஹரிபாபு தலைகுனிந்து நின்றார். எல்லோரும் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். தேவசேனாவின் வாயில் தமிழ்தான் வந்தது.

"அவரு மேல தப்பில்ல சார். அது என் தம்பி. நான்தான் பின்பக்கமா கூட்டினு வந்தேன்."

குழுத் தலைவர் டாக்டர் சிவசங்கரன் திட்டவில்லை. எந்த பெஞ்ச், பக்கத்தில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அன்றே எல்லோரையும் தேடிப் பிடித்தார்கள். காய்ச்சல் தொடங்கியிருந்த இரண்டு பேருக்கு நேரத்தோடு மருந்து கிடைத்தது. தலைமைப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது.

யமுனா பிழைத்தாள். வயிற்றிலிருந்த பிள்ளை பிழைக்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் எத்திராஜ் தேவசேனாவைத் தேடி வந்து, நன்றாகப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிக் கும்பிட்டான். அவள் அவன் கைகளைப் பிடித்து இறக்கினாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

எத்திராஜ் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தத் தம்பி பொழச்சிக்கினாரா?" என்று கேட்டான்.

"பொழச்சிக்கினான்."

தலையாட்டிவிட்டு, மனைவியை மெதுவாக எழுப்பி ஆட்டோவுக்கு நடத்திக்கொண்டு போனான். தேவசேனா அவர்கள் பின்னால் இரண்டடி வைத்து நின்றுவிட்டாள்.