ஏழாவது தரிப்பிடம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டொலறஸ் குசினி மேசையில் மகள் விட்டுப்போன தாளை விரித்து, சுருளாமல் இருக்கச் சீனிப்போத்தலை அதன் மேல் வைத்தாள். லண்டனில் எட்டு என்றால் இத்தாலியில், பலெர்மோவில், ஒன்பது. ஒன்பதுக்குத்தான் நடைச் சுற்றுலா தொடங்குகிறது என்று தாளில் இருந்தது. பழைய நகரம், ஒரே நாள், பன்னிரண்டு தரிப்பிடங்கள். சிலுவைப்பாதையின் பதினாலைவிட இரண்டுதான் குறைவு. மகள் கோசிகா பல்கலைக்கழகச் சிநேகிதிகள் மூன்று பேரோடு நேற்றுப் பின்னேரம் மலிவு விமானம் ஒன்றில் போயிருந்தாள். பலெர்மோவில் பிறந்து பதின்மூன்று வயது வரை அந்தத் தெருக்களிலேயே செருப்புத் தேய்த்த பிள்ளை, இப்போது காசு கட்டி, குடையை உயர்த்திப் பிடித்த வழிகாட்டி ஒருத்தியின் பின்னால் அதே தெருக்களைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

மேலே கணவர் ஜீவரத்தினம் படுத்திருந்தார். லண்டனின் பார்க்கிங் பகுதியில் ஒரு பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட். அவர் வரும்போது டொலறஸ் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போய்விடுவாள்; அவள் திரும்பும்போது அவர் குறட்டை விடுவார். ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்பதற்குக் கழுவாத கோப்பைகள்தான் சாட்சி. மகள் வீட்டில் இருந்தால் அறைக் கதவு சாத்தியிருக்கும். இல்லாதபோதும் அப்படியே. இந்த லண்டன் எட்மண்டனில் எட்டு வருடம் ஆகிவிட்டது, டொலறஸ் வாய் திறந்து நாலு வசனம் சேர்த்துக் கதைக்கிற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போன கிழமை அவள் மகளுக்கென்று தானே ஒரு பாதை எழுதிக் கொடுத்தாள். பதினாலு வருடம் நடந்த ஊர், வழிகாட்டிக்குத் தெரியாதது தனக்குத் தெரியாதா என்று ஒரு ரோசம். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியபிறகுதான் சங்கடம் தெரிந்தது. எந்தக் கோயிலை யார் கட்டினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பெரிய தியேட்டரை பஸ் நிற்கிற பக்கத்தால் மட்டும்தான் தெரியும், உள்ளே போனதில்லை. அவளுக்குத் தெரிந்தது வேறு. வியா மக்கேதாத் தெருவில் மத்தியானம் எந்தப் பக்கம் நிழல் விழும், எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பல்லறோ சந்தையில் எந்த மீன்காரன் முந்தாநாள் மீனுக்குத் தண்ணீர் தெளித்து விற்பான், காலுளைந்தால் எந்த மருந்துக்கடைக்காரி இருக்கச் சொல்லுவாள். வாசித்துவிட்டு மகள் சிரித்தாள்.

"அம்மா, இது ஷொப்பிங் லிஸ்ட்."

சிரித்ததில் பிழை இல்லை, அது உண்மையாகவே சாமான் வாங்கப் போகிற பாதைதான். ஆனால் மகளின் தாளையும் தன் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாகின. ஏழாவது தரிப்பிடம், பதினொன்றே முக்கால் மணி: நாற்சந்திக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஒரு பிரபுவின் பழைய மாளிகை, இரும்புப் பல்கனிகள் பார்க்கத் தக்கவை. அந்தப் பல்கனிகளை வருடத்துக்கு இரண்டு தடவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தவள் டொலறஸ்.

மாளிகையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல பேருக்கு விற்று எத்தனையோ காலம். மூன்றாம் மாடியில் சினோரா அசுந்தா இருந்தாள், விதவை, இடுப்பு எலும்பு தேய்ந்து படியிறங்க ஏலாதவள். மகன் மிலானில் இருந்தான். நத்தாருக்குப் போன் எடுப்பான். டொலறஸ் சமைத்தாள், குளிப்பாட்டினாள், மருந்து கொடுத்தாள். முற்றத்து மூலையில் இரண்டு அறைகளைச் சினோரா அவர்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தாள். கோசிகா எழுதப் பழகியது சினோராவின் சாப்பாட்டு மேசையில். டொலறசுக்கு இத்தாலி மொழி வந்ததும் அந்தக் கிழவியின் ஏச்சையும் கொஞ்சலையும் கேட்டுத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சினோராவுக்குக் கோப்பி வேண்டும், கோப்பியோடு கதையும் வேண்டும். எல்லாரும் என்னை விட்டுட்டுப் போற ஆக்கள்தான், நீயும் ஒருநாள் போவாய் என்று அடிக்கடி சொல்லுவாள். போகமாட்டேன் என்று டொலறஸ் சொல்லுவாள். சொல்லும்போது அது பொய்யாக இருக்கவில்லை.

இத்தாலிப் பாஸ்போட் கைக்கு வந்ததும் பலெர்மோத் தமிழர் பலரும் செய்ததையே ஜீவரத்தினமும் செய்தார். பிள்ளைக்கு இங்கிலிஷ் படிப்பு வேண்டும், லண்டன். போகிறோம் என்று ஒருவருக்கும் சொல்வதில்லை. அங்கே சரிவராவிட்டால் திரும்பி வர வேலை வேண்டுமே. அதனால் பதினைந்து நாள் லீவு என்று வேலை செய்யும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, நம்பிக்கையான ஒருத்தியைப் பதிலாளாக விட்டுப்போவது வழக்கம். டொலறஸ் விட்டது றோஸ்மலரை. மன்னாரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெட்டை, கரகரத்த குரல், நாலு சொல்லுக்கு மேல் இத்தாலி மொழி வராது. கோப்பி எவ்வளவு கடுப்பம், எந்தக் குளிசை எந்த நேரம், எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"மனுசி கேட்டால், வருவா எண்டு மட்டும் சொல்லு."

மூன்று கிழமை கழித்து லண்டனிலிருந்து றோஸ்மலருக்குப் போன் எடுத்து, நாங்கள் இனி வரமாட்டோம், பக்குவமாகச் சினோராவுக்குச் சொல்லிவிடு என்றாள். ஓம் அக்கா, சொல்லுறன் என்றாள் அந்தப் பெட்டை. பிறகு அவளுடைய நம்பரும் மாறிவிட்டது. சினோராவின் வீட்டு நம்பர் மாறவில்லை, டொலறசுக்கு அது செபம் மாதிரிப் பாடம். ஆனால் எடுக்கவில்லை. அன்றைக்குச் செய்தி கேட்ட சினோரா என்ன சொன்னாள் என்ற கேள்வி எட்டு வருடமாக நெஞ்சில் கிடந்து உறுத்தியது. அழுதாளா, திட்டினாளா, ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாளா? உயிரோடு இருந்தால் இப்போது எண்பத்தாறு. மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னர் ஆள் இருக்கிறாளா என்று தெரியவேண்டும். கோவத்தோடு இருக்கிறாளா என்றும்தான்.

அதனால் பையை அடுக்கிக்கொண்டிருந்த மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். ஏழாவது இடத்தில் நிற்கும்போது மூன்றாம் மாடிப் பெல்லை ஒருக்கா அமத்து, உன்னைக் கண்டால் மனுசி குளிர்ந்து போகும், அம்மா போன் எடுப்பா என்று சொல்லு. கோசிகா சரி என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காலை முழுவதும் டொலறஸ் தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்தாள். முதலாம் தரிப்பிடத்தில் தேத்தண்ணீர் குடித்தாள். மூன்றாவதில் உடுப்புத் தோய்க்கப் போட்டாள். ஐந்தாவது, பல்லறோ சந்தை. அதில் பிந்துவார்கள், பிள்ளைகள் வாயில் எதையாவது வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்பார்கள் என்று கணக்குப் பண்ணினாள். பத்தே முக்காலுக்கு, அங்கே பதினொன்றே முக்காலுக்கு, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கதிரையில் இருந்தாள். பெல் அடித்தால் சினோரா முதலில் ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் யார் என்று கேட்பாள். பதினொரு மணி வரை டொலறஸ் அசையவில்லை. பிறகு உடுப்பைக் காயப்போட்டாள். ஜீவரத்தினம் எழும்பி வந்து சாப்பிட்டு, தாளைப் பார்த்து, இதென்ன என்றார். பிள்ளை போற இடம் என்றாள். நல்ல இடங்கள்தான் என்று சொல்லிவிட்டு முடிவெட்டப் போனார்.

ஆறு மணிக்குக் கோசிகா போன் எடுத்தாள். நல்ல வெயில், கால் கொப்பளித்துவிட்டது, ஐஸ்கிரீம் இரண்டு தரம் என்று எல்லாம் சொன்னாள். டொலறஸ் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பெல்லை அமத்தினியோ?"

மகள் சிநேகிதிகளை விட்டுத் தள்ளி வந்தாள் போல, தெருச் சத்தம் கூடியது.

"இல்லை அம்மா. அதிலதான் பத்து நிமிசம் நிண்டனாங்கள். கைட் முற்றத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போய், அந்த ரெண்டு ரூமையும் காட்டி, இதில முந்திக் குதிரையள் கட்டினது எண்டு சொன்னவ. எல்லாரும் போட்டோ எடுத்தினம். நானும் எடுத்தன்." மகளின் குரல் இறங்கியது. "அதுக்குப் பிறகு எப்பிடியம்மா அமத்துறது? என்னெண்டு கேப்பினம். அது எங்கட வீடு எண்டு நான் சொல்லேல்ல. சொறி."

டொலறசுக்குக் கோவம் வரவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தானும் அந்த வாசலில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தவள்தானே. அதுக்கென்ன, காலுக்கு உப்புத் தண்ணி வை, நேரத்தோட படு என்று சொல்லி வைத்தாள்.

வைத்த பிறகு இருக்க ஏலவில்லை. மன்னிப்புக் கேட்கப் பிள்ளையை அனுப்பியது தன் பிழை என்று பட்டது. லாச்சியில் கிடந்த ரெலிபோன் காட்டை எடுத்துச் சுரண்டி, நம்பர்களை ஒவ்வொன்றாக அமத்தினாள். சொல்லவேண்டியதை இத்தாலி மொழியில் மனதுக்குள் அடுக்கினாள்: சினோரா, நான் டொலறஸ், நான் உங்களுக்குப் பொய் சொன்னேன். எட்டு வருடம் பேசாத மொழி, ஆனாலும் சொற்கள் வந்தன. அந்தப் பக்கம் மணி அடித்தது. ஐந்தாம் முறை யாரோ எடுத்தார்கள்.

"புறொந்தோ?"

கரகரத்த குரல். றோஸ்மலர். பதினைந்து நாளுக்கு விட்டுவந்த பெட்டை. இப்போது அந்த இத்தாலி ஹலோவைப் பலெர்மோக்காரி போலவே இழுத்தாள். டொலறஸ் வாயைத் திறப்பதற்குள், பின்னால் தூரத்தில் ஒரு இருமல் கேட்டது. பிறகு சினோராவின் குரல், மெலிந்து, ஆனால் அதே அதிகாரத்தோடு.

"டொலறஸ், ஆரது போனில?"

"ஒருத்தரும் இல்லை, சினோரா," என்று றோஸ்மலர் இத்தாலி மொழியில் திரும்பிச் சொன்னாள். தடுமாற்றம் இல்லை. எட்டு வருடமாக அந்தப் பெயருக்குப் பதில் சொல்லிப் பழகிய குரல்.

அப்படியென்றால் சினோராவுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. கிழவியின் கணக்கில் பதினைந்து நாளில் டொலறஸ் திரும்பி வந்துவிட்டாள். அழுவதற்கோ திட்டுவதற்கோ அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை, போனவள் என்று ஒருத்தியே இல்லை. றோஸ்மலர் போனை வைக்கவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. யாரென்று அவளுக்கு விளங்கியிருக்குமோ என்னவோ.

"டொலறஸ்," என்று கிழவி திரும்பவும் கூப்பிட்டாள், "இஞ்ச வந்து என்னை எழுப்பி இருத்து."

எட்மண்டன் குசினியில், போன் காதில் இருக்க, டொலறஸ் கதிரையை விட்டு எழும்பி நின்றாள்.