தண்ணீர் வடியும் வரை

பதினோரு வருடம் தொலைபேசியில் பேசியே பிழைத்தவளுக்குத் தொண்டைதான் காலை வாரிவிட்டது. துணி துவைக்கும் இயந்திரம் நின்றுபோய்விட்டது என்று அலறியடித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களை எல்லாம் சேவை மையத்தில் உட்கார்ந்தபடியே பேசி வழிக்குக் கொண்டுவந்தவள் அவள். கூட வேலை பார்த்தவர்களுக்கு அவள் கணீரக்கா. குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, நான்கு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, அதற்குப் பிறகும் நாள் முழுக்கப் பேசுகிற வேலை ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றோடு கணீரும் போயிற்று, வேலையும் போயிற்று.

நாத்தனார் நல்லவள்தான், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. தன் துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து சட்டை மடிக்க ஆள் வேண்டும், அங்கே பேசவே வேண்டியதில்லை, சனிக்கிழமைக்குள் பதில் சொல் என்றாள். வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதப்போகிறேன் என்று கணீரக்கா செல்போனில் தட்டிக் காட்டியதும், எழுதி யார் உருப்பட்டார்கள் என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். கணீரக்காவுக்குச் சுருக்கென்றது. சட்டை மடிப்பது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் வழி சொன்னவள் இனி ஒருவருக்கும் தேவையில்லை என்று ஆகிவிடுமே, அதுதான் அவளை அரித்தது.

இருபது இடங்களுக்கு எழுதிப் போட்டதில் பத்தொன்பது கிணற்றில் போட்ட கல்தான். வீட்டுச் சாதனங்களைச் சரிசெய்யும் குறிப்புகள் வெளியிடும் ஓர் இணையதளம் மட்டும் பதில் போட்டது. இயந்திரத்தில் தண்ணீர் வடியாமல் நின்றால் வடிகட்டியைச் சுத்தம் செய்வது எப்படி என்று மாதிரிக்கு ஒன்று எழுதித் தரும்படி அதன் பொறுப்பாசிரியர் கேட்டிருந்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளே! ஜன்னலோரம் இஸ்திரி மேசையை விரித்து, மடிக்கணினியை அதன்மேல் வைத்து, அரை மணி நேரத்தில் எட்டு வரி எழுதி அனுப்பிவிட்டாள்.

மறுநாளே திரும்பி வந்தது. பிழை ஒன்றுமில்லை, ஆனால் இதைப் படித்துச் செய்துபார்த்த மூன்று பேரில் இரண்டு பேர் பாதியில் பயந்து விட்டுவிட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் ஒரே ஒரு முறை எழுதிப்பாருங்கள் என்று இருந்தது. கணீரக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டு வரியையும் எண்பது தடவை படித்தாள். எங்கே தப்பு என்று மட்டும் பிடிபடவில்லை.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். அன்று அவருக்கு விடுப்பு. சோபாவில் மல்லாந்து கிடந்தவரைக் கிளப்பிக் குளியலறைக்கு இழுத்துப்போனாள். இயந்திரத்தைப் பாதித் துவைப்பில் நிறுத்தி, அவரை அதன்முன் உட்காரவைத்து, காகிதத்தைக் கையில் கொடுத்தாள். இதில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும், சொந்த மூளையை உபயோகிக்கக் கூடாது என்று எழுதிக் காட்டினாள்.

“கல்யாணம் ஆனதிலேருந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்” என்றார் அவர்.

பிளக்கைப் பிடுங்கினார். அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்தார். தட்டை வைத்தார். ‘வடிகட்டியை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றவும்’ என்று உரக்கப் படித்துவிட்டு, சொன்ன சொல் மீறாமல் முழுக்கத் திருகிக் கழற்றினார். உள்ளே நின்ற தண்ணீர் மொத்தமும் அவர் மடியில் பாய்ந்து, வாசற்படி தாண்டிக் கூடத்துக்கு ஓடியது.

“உன் எழுத்துல நல்ல வேகம்” என்றார், சொட்டச் சொட்ட.

கணீரக்கா சிரிக்கவில்லை. கையை நீட்டி அவரைத் தடுக்கப் பாய்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொலைபேசியில் அவள் ஒருநாளும் ‘கழற்றுங்க’ என்று சொன்னதில்லை. அரைச் சுற்று மட்டும் திருகுங்க, நிறுத்துங்க, தண்ணி வருதா, வரட்டும், நான் லைன்லயே இருக்கேன் என்பாள். அது வடிந்து முடிகிற வரை பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அங்கே மழை உண்டா என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அந்தக் காத்திருப்பை அவள் வேலையாகவே நினைத்ததில்லை. எழுதும்போது அதை மட்டும் சுத்தமாக விட்டிருந்தாள்.

கூடத்தைத் துடைக்கும் பொறுப்பைக் கணவரிடம் விட்டுவிட்டு இஸ்திரி மேசைக்கு ஓடினாள். ‘அரைச் சுற்று மட்டும் திருகி நிறுத்துங்கள். தண்ணீர் வரும். எதுவும் உடைந்துவிடவில்லை, அது வரத்தான் வேண்டும். தட்டு நிறைந்ததும் வடிகட்டியை இறுக்கி, தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து மறுபடி அரைச் சுற்று திருகுங்கள். நான்கைந்து தட்டு ஆகும். அவசரமே இல்லை. முதுகு வலித்தால் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள்.’ எட்டு வரி முப்பது வரியாயிற்று. மறுபடி இயந்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கணவரையே உட்காரவைத்தாள். இந்தத் தடவை தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அன்றைக்கே அனுப்பிவிட்டாள். தனக்குப் பதவி உயர்வு வேண்டும் என்று அவர் அடம்பிடித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்தது. மூன்று பேரும் செய்து முடித்துவிட்டார்கள், இன்னும் ஏழு சாதனங்கள் இருக்கின்றன, ஏழும் உங்களுக்குத்தான், திங்கட்கிழமையே தொடங்கலாமா? கணீரக்கா அந்த இடத்திலேயே நாத்தனாருக்கு ஒரு செய்தி தட்டினாள்: சட்டை மடிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அனுப்பிய பிறகுதான் கடிதத்தின் அடியில் இன்னும் கொஞ்சம் இருப்பதைக் கவனித்தாள். செய்துபார்த்தவர்களில் ஒருவர் தனியாக வசிக்கும் பெரியவராம். அவர் சொன்னதைப் பொறுப்பாசிரியர் அப்படியே குறித்து அனுப்பியிருந்தார்.

“அஞ்சு தட்டு ஆச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அந்தம்மாகிட்ட மறக்காம சொல்லிடுங்க, காத்துக்கிட்டிருப்பாங்க.”

கணீரக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதறி ஓடிவந்த கணவரிடம் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் எழுத உட்கார்ந்தாள். திங்கட்கிழமை தொடங்குவதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் முதல் வரியாக இதைத்தான் தட்டினாள்: காத்துக்கொண்டுதான் இருந்தேன் என்று ஐயாவிடம் சொல்லிவிடுங்கள்.