போட்டு வாறன்

இரண்டு வல்லரசுகளின் வெளியுறவு அமைச்சர்கள் மூன்றாவது வருடமாக டோர்ட்மண்ட் நகரை விட்டு வெளியேற முடியாமல் இருக்கிறார்கள். கிழக்கின் அமைச்சர் எந்த விமானத்தில் ஏறினாலும் அது டோர்ட்மண்டிலேயே வந்து இறங்குகிறது. மேற்கின் அமைச்சர் பேர்லினுக்கு ரயில் ஏறி, சற்றே கண்ணயர்ந்து விழித்தால் மறுபடியும் டோர்ட்மண்ட் நிலையம். ஜெர்மன் ரயிலுக்குப் பழகிய சனம் இதை முதலில் கவனிக்கவே இல்லை.

காரணம் தேவமலர். பேச்சுவார்த்தை நடக்கும் ஹோட்டலில் தேநீர் கொடுப்பவர். யாழ்ப்பாணத்தில் ஒரு போரைப் பார்த்துவிட்டு வந்தவர். ஒரே மகன் யதுசன், சொல்லச் சொல்லக் கேளாமல் ஜெர்மன் இராணுவத்தில் சேர்ந்து கிழக்கு எல்லையில் நின்றான். பேச்சு முறிந்தால் முதல் குண்டு அங்கேதான் விழும் என்று தொலைக்காட்சி தினமும் படம் போட்டுக் காட்டியது. முதல் வாரமே முறிந்தது. ஒரு பாலத்தை யார் காவல் காப்பது என்று வாக்குவாதப்பட்டு இருவரும் எழுந்தார்கள். தேநீர் தந்தவருக்கு மரியாதை செய்ய நினைத்த கிழக்கின் அமைச்சர், கைபேசியில் மொழிபெயர்ப்பைப் பார்த்து, வாசலில் நின்று “போகிறேன்” என்று தமிழில் சொன்னார்.

“ஐயோ, போறன் எண்டு சொல்லக்கூடாது! போறவை திரும்பி வரவேணும், போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ.”

அமைச்சர் சொன்னார். விட்டுக்கொடுக்க மனமில்லாத மற்றவரும் சொன்னார். அந்த வாரம் முழுவதும் இருவரும் ஒத்துப்போன ஒரே வசனம் அதுதான். சொன்னபடியே அன்று மாலை இருவரும் திரும்பி வந்தார்கள்.

பேச்சு முடிந்தது என்று ஊர் போய்ச் சொல்ல ஆளில்லாததால் போரைத் தொடங்க வழியில்லை. தளபதிகள் விரித்து மடித்து, விரித்து மடித்து, வரைபடங்களில் நதிகள் கிழிந்துபோயின. அமைச்சர்கள் நகரசபையில் விலாசம் பதிந்தார்கள். பாவம், அதற்கும் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைக்க மாதக்கணக்கானது. கிழக்கின் அமைச்சர் தமிழ் நன்றாகவே பழகிவிட்டார்.

இந்தக் குளிர்காலத்தில் அவர் ஹோட்டல் சமையலறைக்கு வந்து நின்றார்.

“அக்கா, அம்மாவுக்குச் சுகமில்லை, கடுமை. போ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் போகலாம்.”

தேவமலர் அழுதார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலத்தில், தன் தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியாமல் இதே நகரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வலி அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தும், “ஏலாது தம்பி. என்ர பிள்ளை அங்க நிக்கிறான்” என்றார். சொல்லிவிட்டுத் தன்மேலேயே வெறுப்புக்கொண்டார்.

கடைசியில் அமைச்சரின் தாயையே டோர்ட்மண்டுக்கு ஏற்றி வந்தார்கள். தேவமலர் குற்ற உணர்வோடு கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனார். கட்டிலில் கிடந்த முதியவர் அவருடைய கையைப் பிடித்து ஏதோ கேட்க, எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதாக மகன் மொழிபெயர்த்தார்.

“ஒண்டுதான் அம்மா. ஆமியில நிக்கிறான்.”

முதியவர் தேவமலரின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு எதையோ சொன்னார். அமைச்சர் அதை மொழிபெயர்க்கவில்லை.

“என்னவாம்?” என்று தேவமலர் கேட்டார்.

அமைச்சர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “தனக்கும் ஒண்டுதானாம். என்னைப் போக விடவேண்டாமாம்.”

தாய் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூங்கினார். அமைச்சர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போனார்.