கிளியூர்க் குட்டை: நலம்

ஜாபெஸ் மீது எனக்குக் கோபம் வருவது புதிதில்லை. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானைத் தேடுகிற ஆள். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் வேறு.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரி மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தமே நானும் ஜாபெஸும் இரண்டு பேர்தான். எஸ்டேட்டுகளில் மழை, குட்டைத் தண்ணீர், மோட்டார் எல்லாவற்றையும் கவனிக்கிற ஒரு சாப்ட்வேரை வைத்துப் பிழைக்கிறோம். அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிளகின் எழுதிக் கொடுக்க வேண்டும். பிளகின் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்குச் சில வரிகளில் கட்டளை எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். அது போய்ப் பார்த்துவிட்டு வந்து 'நலம்' அல்லது 'ஆபத்து' என்று சொல்லும். நலம் என்றால் எங்கள் திரையில் பச்சை. ஆபத்து என்றால் சிவப்பு. அந்த இடத்தில் நாங்கள் மாட்டியிருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியிடமிருந்து பதிலே வராவிட்டால் சாம்பல்.

தீபாவளி முடிந்து பிடித்த மழை விடவே இல்லை. மத்தியானமே லைட் போட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. திரையில் கிளியூர்க் குட்டை பச்சையாக இருந்ததில்தான் எனக்கு நிம்மதி. அங்கே ஒரு எஸ்டேட்டில் என் அக்கா அம்மணி காப்பிப் பழம் பறிக்கிறாள். அவள் குடியிருக்கும், ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு மேட்டில் இருக்கிறது, பயமில்லை. எடைக் கொட்டகைதான் குட்டையின் மண்கரைக்கு நேர் கீழே. தினமும் நான்கு மணிக்குக் கரண்ட் சங்கு ஊதுவார்கள். எல்லோரும் மூட்டையோடு அங்கே போய் நிற்க வேண்டும்.

கரை பழசு என்பதால்தான் எஸ்டேட் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். ஜாபெஸ் என்னிடம் ஸ்கிரிப்டைச் சோதிக்கத் தராமலேயே கொண்டுபோய்ப் பெட்டியை எடைக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தார். தனியாக அலாரம் எதற்கு, வீண் செலவு என்று முதலாளி சொல்ல, எடைக்கு ஊதுகிற அதே சங்குக்கு ஒரு வயரைக் கொடுத்தார். நீளமாக ஊதினால் ஓட வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிவிடுவதாக எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அங்கப்பன் தலையாட்டினாராம்.

அன்று நான் கரடியூரில் வைக்கப்போகும் மழைமானிக்குப் பிளகின் எழுதிக்கொண்டிருந்தேன். புதிதாக எழுதுவானேன் என்று ஜாபெஸின் கிளியூர் ஸ்கிரிப்டைப் பிரதி எடுத்தேன். நான் எதை எழுதினாலும் லேப்டாப்பில் ஓட்டுவதோடு விடமாட்டேன். ஷெல் என்பது கட்டளையைப் படித்து நடத்துகிற புரோகிராம்; எங்கள் பெட்டிகளில் இருக்கிற மாதிரிச் சின்ன ஷெல்லிலும் ஓட்டிப் பார்ப்பேன். லேப்டாப்பில் இருப்பது பெரிய ஷெல், அதற்கு நூறு வித்தை தெரியும். பெட்டியில் இருப்பதற்கு அடிப்படை மட்டும்தான் தெரியும்.

ஓட்டினேன். 'இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது' என்று ஒரு வரி வந்தது. அதற்கு அடுத்த வரி: 'நலம்'.

மறுபடி ஓட்டினேன். அளவை வேண்டுமென்றே குட்டை நிரம்பி வழிகிற மாதிரி கொடுத்தேன். அப்போதும் நலம்.

ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தேன். 'தண்ணீர் அளவுக்கு மேலா?' என்று கேட்கிற இடத்தில் பெரிய ஷெல்லுக்கு மட்டுமே புரிகிற கட்டளையை ஜாபெஸ் போட்டிருந்தார். சின்ன ஷெல்லுக்கு அது தெரியவில்லை. தெரியாததை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, 'இல்லையென்றால் நலம்' என்கிற வரிக்குப் போய்விட்டது. அது முணுமுணுக்கிற 'தெரியாது' என்கிற வரி எங்கள் திரைக்கு வருவதில்லை. பெட்டி மாட்டிய நாளிலிருந்து அந்தப் பச்சை பொய்.

"ஏனுங்க ஜாபெஸ், இதைப் பெட்டியில ஓட்டிப் பாத்தீங்களா இல்லீங்களா?"

"லேப்டாப்புல பக்கெட் தண்ணி வெச்சுப் பாத்தேனே சசிரேகா. நொம்ப நல்லா ஓடுச்சுங்க."

"பக்கெட்டுக்குக் கீழ எங்கக்கா நிக்கலீங்க!"

ரைட்டருக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. அக்காவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மணி மூன்றாகப் போகிறது. நான்கு மணிக்கு எல்லோரும் கரைக்குக் கீழே நிற்பார்கள். அதற்குள் சங்கு ஊதியாக வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு வரியை எந்த ஷெல்லுக்கும் புரிகிற மாதிரி மாற்றினேன். இரண்டு முறை சோதித்தேன். பெட்டிக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் பச்சையாகவே இருந்தது. பிறகு சிவப்பு. ஜாபெஸ் எழுந்து நின்றுவிட்டார். ஸ்கிரிப்டில் போட்டிருந்த எல்லையைத் தாண்டி எங்கேயோ இருந்தது தண்ணீர். எனக்குப் பயத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? முதல் தடவையாக அந்தப் பெட்டி உண்மை பேசியது.

அப்போது அக்கா போன் செய்தாள். அவள் குரலுக்குப் பின்னால் சங்கு நீளமாக ஊதிக்கொண்டிருந்தது.

"என்ன கண்ணு, கூப்பிட்டியாட்ட?"

"அக்கா, எங்க இருக்கறீங்க?"

"ஊட்டுலதான் இருந்தேன். மழைக்கு இன்னைக்குச் சீக்கிரமே எடைக்கு ஊதறாங்க. எல்லாரும் மூட்டையத் தூக்கிட்டுப் போயாச்சு. நானும் ஓடறேன், அப்பறம் பேசறேன் சாமி."

"அக்கா, போகாதீங்க! அது எடைக்கு இல்லீங்க!"

"ஒண்ணும் கேக்கல கண்ணு, சங்கு நொம்பச் சத்தமா இருக்குது," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மழையில் நனையும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவள் அவள்.

"சங்கை நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"பிளகின் நலம்னு சொன்னாத்தான் அது நிக்கும்," என்றார் ஜாபெஸ்.

சங்கு நின்றால் எடை இல்லை என்று திரும்பிவிடுவார்கள். அந்தப் பொய்யை இந்தத் தடவை நானே எழுதினேன். ஒரே வரி, எந்த ஷெல்லுக்கும் புரியும்: நலம். அனுப்பினேன். புது ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று பெட்டி அடுத்த முறை கேட்கும்போதுதான் அது போய்ச் சேரும். சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையாகு, பச்சையாகு என்று வாய்விட்டே சொன்னேன்.

சிவப்பு போனது. சாம்பல் வந்தது.

"கரண்ட் போயிருக்குமுங்க," என்றார் ஜாபெஸ். "இந்த மழைக்குப் போகாம இருக்குமா?"

"பெட்டிக்குப் பேட்டரி இருக்குதுங்க," என்றேன். "எடைக் கொட்டகைச் செவுத்துல மாட்டறப்ப நீங்கதான வெச்சீங்க."